ஒருதரம் மட்டும் கேட்ட குரல்

எழுபதுகளின் தொடக்கத்தில், மாரி மழை ஓய்ந்த கையோடு வந்த ஒரு தை மாதச் சனிக்கிழமை அது. இடம், திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால் உள்ள ஒரு காட்டு மலை. நான் அப்போது நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. வாய்க்கு மட்டும் நாற்பது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

மலை ஏறும் விசர் எப்படிப் பிடித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் பங்குனியில் சிவனொளிபாத மலைக்குப் போவதென்று நாங்கள் நான்கு பெண்கள் முடிவு செய்திருந்தோம். அதுவும் படி கட்டிய ஹற்றன் பக்கத்தால் இல்லை, நீளமும் கரடுமுரடுமான இரத்தினபுரிப் பக்கத்தால். இதைக் கேள்விப்பட்ட ஆண் ஆசிரியர்கள் சிலர் சிரித்த சிரிப்பில், இனிப் போகாமல் விட ஏலாது என்றாகிவிட்டது. "போங்கோ போங்கோ, அரைவாசியில உங்களைத் தூக்கிக்கொண்டு வர நாங்கள் கீழ நிக்கிறம்" என்றார் ஒருவர். தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்கே அவருக்கு மூச்சு வாங்கும்.

எங்களுக்குத் தலைவி விளையாட்டு ரீச்சர். கழுத்தில் விசில், கையில் ஓட்டப்போட்டிக்கு நேரம் பார்க்கிற கடிகாரம். அடுத்தது பாடசாலைக் கந்தோரில் கடிதம் கணக்கு எழுதுகிற லிகிதர் பிள்ளை, எங்களில் இளையவள், பயந்த சுபாவம். மூன்றாவது நான். நான்காவது ஆள், கிண்ணியாவிலிருந்து தினமும் படகில் துறை கடந்து பஸ் பிடித்து வருகிற என் தோழி. மனையியல் படிப்பித்தாள். எங்களுக்குச் சிவனொளிபாதம் என்றால் அவளுக்கு அது பாவா ஆதம் மலை. மேலே பாறையில் பதிந்திருக்கிற காலடி சிவனுடையதா ஆதமுடையதா என்று போய் அளந்து பார்ப்போம் என்று நான் பகிடி பண்ணுவேன். "நீங்க கணக்கு ரீச்சர்தானே, அடிமட்டத்த மறக்காமக் கொண்டு வாங்க" என்பாள்.

சனிக்கிழமை தோறும் கன்னியாவுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து அந்த மலையில் ஏறி இறங்குவது பயிற்சி. சேலையை முழங்காலுக்குக் கீழே வரிந்து கட்டி, பள்ளிப் பிள்ளைகளின் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவோம். நடை என்று பெயர், உண்மையில் அரை ஓட்டம். விளையாட்டு ரீச்சரிடம் ஒரு சட்டம் இருந்தது. இடையில் யாரும் நிற்கக் கூடாது. ஒருத்தி நின்று வரிசையை மறித்தால் அடுத்த கிழமை அவள் இரண்டுதரம் ஏற வேண்டும். இதனால் கால் கொப்பளித்தாலும் நாங்கள் வாய் திறப்பதில்லை.

நான் சொல்லும் சனிக்கிழமை, வழமையான பாதையில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று எங்களை மறித்தார். பக்கத்துக் கல்லுடைக்கும் இடத்தில் வெடி வைக்கிறார்களாம், மத்தியானம் வரை யாரும் போகக் கூடாதாம். விளையாட்டு ரீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் கிண்ணியாத் தோழி சொன்னாள், மலையின் மறுபக்கத்தால் இன்னொரு பாதை இருக்கிறது என்று. அவளுடைய வாப்பா விறகு வெட்டுவித்து வண்டியில் ஏற்றுகிற தொழில் செய்தவர். சிறு வயதில் வாப்பாவோடு அந்தப் பக்கம் பலமுறை வந்திருக்கிறாளாம். ரீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நட" என்றார்.

காடு தொடங்குகிற இடத்தில் தோழி எங்களை நிறுத்தினாள். "இனி ஒருத்தரும் ஒருத்தர பேர் சொல்லிக் கூப்பிடப்படாது. தேவையெண்டா 'ஊ' எண்டு கூவுங்க."

ஏன் என்று லிகிதர் பிள்ளை கேட்டாள். அவளுக்கு அப்போதே முகம் வெளிறிவிட்டது.

"பேர் சொன்னா அதுக்கு எங்கட பேர் தெரிஞ்சுபோகும். பிறகு அது கூப்பிடும். மனிசர் எண்டா மூண்டுதரம் கூப்பிடுவாங்க. மற்றது ஒருதரம்தான் கூப்பிடும். ஒருதரம் கேட்டா திரும்பியும் பாக்கப்படாது, ஓம் எண்டும் சொல்லப்படாது. வாப்பாட ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான்."

நான் சும்மா இருப்பேனா? "வகுப்பில இடாப்புக் கூப்பிடுற மாதிரித்தான் இருக்கு. பேய்க்கு வரவு போடுறது ஆர்?" என்று கேட்டேன். தோழியும் சிரித்தாள். ஆனால் சொன்னதை அவள் மாற்றவில்லை.

ஏறும்போது வழி தெரிந்தவள் முன்னுக்கு, இறங்கும்போது பின்னுக்கு. இதுவும் அவள் சொன்ன ஒழுங்குதான். அவள் முன்னே போக நாங்கள் பின்னால் ஏறினோம். அந்தப் பக்கம் எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பனிமூட்டம் மரங்களுக்கிடையில் அப்படியே நின்றது. எட்டு மணியாகியும் வெயில் இல்லை. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. இடைக்கிடை தூரத்தில் வெடிச் சத்தம் 'தொம்' என்று வரும், பிறகு அந்த அமைதி இன்னும் கூடிவிடும்.

பாதி மலையில் ஓரிடம். அங்கே மரம் இல்லை, முழங்கால் உயரப் புல்லும் சருகும்தான். அதில் கால் வைத்ததும் எங்கள் காலடிச் சத்தம் மாறியது. நான் ஒரு அடி வைத்தால் இரண்டு அடி கேட்டது. எனக்குக் கீழே இன்னொருத்தி என்னோடு சேர்ந்து நடப்பது போல இருந்தது. நான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் இரண்டுதரம் திரும்பிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போய்விடும்.

உச்சியில் துறைமுகம் தெரியும் என்று நினைத்தோம். வெள்ளைப் பனிப் புகார்தான் தெரிந்தது. நின்றபடியே தண்ணீர் குடித்தோம். ஏறியது ஒரு மணித்தியாலம் ஐந்து நிமிடம், இறங்குவதற்கு நாற்பது நிமிடம் என்று ரீச்சர் அறிவித்துவிட்டுப் புறப்பட்டார். அவருக்குப் பின்னால் லிகிதர் பிள்ளை, பிறகு நான், கடைசியில் தோழி. ரீச்சர் வேகமாகப் போய் மூட்டத்துக்குள் மறைந்துவிட்டார். விசில் சத்தத்தை வைத்துத்தான் அவரைப் பின்தொடர்ந்தோம்.

மறுபடி அந்த மரமில்லாத இடம் வந்தது. மறுபடி அந்த இரட்டைக் காலடி. இம்முறை எனக்குப் பயமில்லை, பின்னால் தோழி வருகிறாள் என்று நினைத்தேன். நடுவில் லிகிதர் பிள்ளை ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டேன். அந்த நேரம் ஒரு 'தொம்' கேட்டது. வெடி என்று நினைத்தேன்.

பிறகு என் பெயர் கேட்டது.

பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்தும் வரவில்லை. எங்கிருந்து என்று சொல்லத் தெரியாத ஒரு குரல், ஆணா பெண்ணா என்று கூடப் பிடிபடாமல், நீளமாக, கனமாக என் பெயரைச் சொன்னது. ஒரே ஒருதரம். அதோடு நின்றுவிட்டது. நான் மூன்றுக்குக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், ஒரு நாலைந்து நொடி. இரண்டாவது வரவில்லை.

லிகிதர் பிள்ளை என் கையைப் பிடித்தாள். "ரீச்சர், ஆரோ கூப்பிட்டதோ?"

"இல்லை. நட" என்றேன்.

நடக்கவில்லை, ஓடினோம். பேய்க்கு வரவு போடுவது ஆர் என்று கேட்ட கணித ரீச்சர், ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். தோழி எங்கே என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை. வந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் என்னை இன்றுவரை மன்னித்ததில்லை.

கீழே வண்டிப் பாதையில் ரீச்சர் கடிகாரத்தோடு நின்றார். "முப்பத்தெட்டு நிமிசம்!" என்றார் சந்தோஷமாக. பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "எங்க மற்ற ஆள்?"

ஐந்து நிமிடம் பார்த்தோம், பத்து நிமிடம் பார்த்தோம். ரீச்சர் விசில் ஊதினார், கூவினார். பதில் இல்லை. லிகிதர் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். மரமில்லாத இடத்தில் ஒரு குரல் கேட்டது, நான் ஓடிவந்துவிட்டேன் என்று ஒரு வசனம். அது வாய்க்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை. அது அவளுடைய குரலே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவளுடைய குரலாக இருந்தால் நான் யார் என்று யோசிக்க எனக்குத் துணிவில்லை.

திரும்ப ஏறினோம். அந்த இடம் வந்ததும், "இதில நல்லாப் பாப்பம்" என்றேன். ஏன் என்று ரீச்சர் கேட்டார். சும்மா என்றேன். அவர் தோழியின் பெயரைச் சொல்லி உரத்து ஒருதரம் கூப்பிட்டார், காது கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. உச்சியில் ஏதாவது விட்டுவிட்டு எடுக்கத் திரும்பிப் போயிருப்பாள் என்று சொல்லி மேலே நடந்தார். "நீங்கள் போங்கோ, நான் இதில நிக்கிறன்" என்றேன். அவருக்கு என்னைத் தனியே விட மனமில்லை. ஆனாலும் லிகிதர் பிள்ளையோடு போனார்.

மூட்டத்துக்குள் அவர்கள் மறைந்த பிறகு அந்த இடத்தில் நான் மட்டும். இவ்வளவு பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓடிவிட வேண்டும் போல இருந்தது. நாலு அடி வைத்தேன். எனக்குப் பின்னால் நாலு அடி கேட்டது. நின்றேன், அதுவும் நின்றது. அப்போதுதான் மண்டையில் ஒரு அடி விழுந்தது போல ஒன்று விளங்கியது. இறங்கும்போது எனக்குப் பின்னால் வந்தது தோழி இல்லை. இதே சத்தம்தான். என் காலடியைக் கேட்டே அவள் வருகிறாள் என்று நம்பிக்கொண்டு நான் நடந்திருக்கிறேன்.

காலை ஓங்கி நிலத்தில் உதைத்தேன். கீழே வெறுமையாக இருந்தது, பெரிய பீப்பாவைத் தட்டியது போல. சருகைக் காலால் தள்ளினேன். சீமெந்து தெரிந்தது. குனிந்து தவழ்ந்துகொண்டு போனேன். பாதை ஓரத்தில், உக்கிய பலகை முறிந்து, ஒரு ஆள் விழக்கூடிய சதுர ஓட்டை ஒன்று கறுப்பாகத் திறந்து கிடந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மலையில் முகாம் போட்ட வெள்ளைக்காரர் நிலத்துக்குள் கட்டிய தண்ணீர்த் தாங்கி அது என்று பிறகுதான் தெரிந்தது.

ஓட்டை ஓரத்தில் படுத்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னேன். பதில் இல்லை. இரண்டாம் முறை சொன்னேன். தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் வந்தது. மூன்றாம் முறை அழுதுகொண்டு கத்தினேன்.

"ஓம்" என்று நிலத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஓம், நான் இங்க ஈக்கிறன்."

என் கூக்குரல் கேட்டு மற்ற இருவரும் ஓடிவந்தார்கள். லிகிதர் பிள்ளை, அந்தப் பயந்த பிள்ளை, கல்லுடைக்கிறவர்களைக் கூட்டிவரத் தனியே காட்டுக்குள்ளால் ஓடினாள். சுவரில் துருப்பிடித்த இரும்புப் படிகள் கொஞ்சத் தூரம் இருந்தன. இறங்க வேண்டாம் என்று ரீச்சர் தடுத்தார். நான் இறங்கினேன். கடைசிப் படி காலோடு உடைந்துவர, மழைத் தண்ணீருக்குள் விழுந்தேன். நெஞ்சளவு தண்ணீர், ஐஸ் மாதிரிக் குளிர். தோழி ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் கால் முறிந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, கை விறைத்து, பிடி கழன்றுகொண்டிருந்தது. நான் அவளை இடுப்போடு அணைத்துப் பாரத்தை என்மேல் வாங்கிக்கொண்டேன். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் அவள் தண்ணீருக்குள் போயிருப்பாள்.

சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டதாம். நில்லுங்கள் என்று கூவினால் வரிசை நின்றுவிடும், அடுத்த கிழமை இரண்டுதரம் ஏற வேண்டும். ஒரு நிமிடம்தானே என்று பாதை ஓரத்தில் குந்தியிருக்கிறாள். பலகை முறிந்துவிட்டது. பல் கிடுகிடுக்க அவள் சொன்ன இன்னொன்று எனக்குச் சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. "விளையாட்டு ரீச்சர் கூப்பிட்டது கேட்டது. ஒருதரம்தான் கூப்பிட்டா. பயத்தில வாய் திறக்கல்ல."

மேலே ரீச்சர், ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்து அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு அடியும் எங்கள் தலைக்கு மேல் துல்லியமாகக் கேட்டது. எந்தப் பக்கம் போகிறார், எங்கே நிற்கிறார், எல்லாம் தெரிந்தது. பிறகு ஆட்களைக் கண்டிருக்க வேண்டும், காலடி ஓடத் தொடங்கியது. அந்த ஓட்டம் கூரை முழுக்க அதிர்ந்துகொண்டே போய்த் தேய்ந்து மறைந்தது.

தண்ணீருக்குள் நின்ற எனக்கு அப்போதுதான் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. என் காலடியும் இப்படித்தான் கேட்டிருக்கும். அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் நின்றேன். நின்றது அவளுக்குக் கேட்டது, நான் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு நான் ஓடினேன். ஓடியதும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் ஏன் இரண்டாம் முறை கூப்பிடவில்லை என்று நான் அவளிடம் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் மேலே பார்த்தபடி அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கல்லுடைக்கிறவர்கள் கயிறும் பலகையும் கொண்டுவந்து எங்களைத் தூக்கி எடுத்தார்கள். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றபோது விளையாட்டு ரீச்சர் ஆற்றாமையோடு கேட்டார். "நீங்கள் கூப்பிடவே இல்லையே பிள்ளை? இவை ரெண்டுபேரும் கிட்டத்தானே வந்தவை. ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

லிகிதர் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டில் காலைப் பார்த்தேன்.

"நான் கூப்பிடல்ல ரீச்சர்" என்றாள் தோழி. "விழுந்த உடன மயங்கிற்றன்."

மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தனியே போனேன். கட்டிலில் அவளுடைய உம்மா இருந்தார், மகளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு. "உம்மா, இவதான் தண்ணிக்குள்ள இறங்கி என்னப் புடிச்சிக்கிட்டு நிண்ட ரீச்சர்" என்றாள் தோழி. அந்தத் தாய் கோப்பையை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்காக அல்லாவிடம் துஆ கேட்டார். தாயின் தோளுக்கு மேலால் தோழி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், சொல்ல வேண்டாம் என்பது போல.

அந்த வருடம் நாங்கள் சிவனொளிபாதம் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து ரீச்சரும் லிகிதர் பிள்ளையும் போய்வந்தார்கள். தோழி கால் குணமாகி, சற்றே சாய்ந்த நடையோடு, கிண்ணியாப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகிப் போனாள். பெருநாளுக்கு அவள் வீட்டில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு அவள்தான் பெரியம்மா. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

துணிச்சல்காரி என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்தது, அதை நான் சம்பாதிக்கவில்லை, அவள் எனக்குத் தந்தாள். பேய் பிசாசுக்கு நான் இப்போது பயப்படுவதில்லை. உயிருக்குத் தவித்த ஒருத்தி என்னைத் தேர்ந்து கூப்பிட்ட குரல் எனக்குப் பேயின் குரலாகக் கேட்டதே, அப்படிக் கேட்கக்கூடிய என் காதுக்குத்தான் இன்றுவரை பயப்படுகிறேன்.